லூசியானா கிராக்ளின்: வாங்குவதில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பன்றிக்கறிப் பொரிப்புக்குக் கிராக்ளின் என்று பெயர். மாநிலத்தின் தென்பகுதியில் ஐ-10 நெடுஞ்சாலை வழியாகப் போகிறவர்கள் பலர், பெட்ரோல் பங்கில் தொங்கும் பளபளப்பான பாக்கெட்டை வாங்கித் தின்றுவிட்டு, "கிராக்ளின் இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். அதில் இருப்பது வெறும் பன்றித் தோல். காயவைத்து அப்பளம்போல் பொரித்தது. இங்கே வாழும் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களின் கிராக்ளினில் தோல், கொழுப்பு, கறி மூன்றும் ஒரே துண்டில் ஒட்டியிருக்கும். அதற்காகப் பங்க் என்றாலே ஒதுக்கிவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் நல்ல கறிக்கடைகள் சில பங்கோடு சேர்ந்தே நடக்கின்றன. உள்ளே கொப்பரையில் பன்றிக்கொழுப்பு காய்கிற வாசனை வந்தால் நம்பி இறங்கலாம்.

அடுத்தது நேரம். பாதிப் பேர் ஏமாறுவது இதில்தான். தோலோடு கூடிய வயிற்றுக்கறியைத் துண்டு போட்டு, பன்றிக்கொழுப்பிலேயே சுமார் 250 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் ஒரு மணி நேரம்போல வேகவிடுவார்கள். உள்ளிருக்கும் கொழுப்பு உருகி வடியும். வெளியே எடுத்து ஆறவிட்டு, 375 டிகிரிக்கு மேல் காய்ந்த கொழுப்பில் சில நிமிடம் மறுபடி போடுவார்கள். அப்போதுதான் தோல் பொரியும். சூட்டோடு உப்பும் கயேன் மிளகாய்த் தூளும் விழும். இறக்கிய அரை மணிக்குள் தின்றால் அதன் ருசியே வேறு. விளக்குச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் கறி வறண்டு, தோல் இறுகிவிடும். அதனால் கல்லாவில் முதலில் விலையைக் கேட்காமல், "இது எப்போது எடுத்தது?" என்று கேளுங்கள். காலையில் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை சில கடைகள் சீக்கிரமே சாத்திவிடும்.

இரண்டாவது பொரிப்பில் சூடு குறைந்துபோனால் தோல் கண்ணாடிபோல இறுகி நிற்கும். துண்டைத் திருப்பிப் பாருங்கள். தோல் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளமாக இருந்தால் தைரியமாகக் கடிக்கலாம். வழவழவென்று தேன் நிறத்தில் மின்னினால் கடைவாய்ப் பல்லுக்கு ஆபத்து. கறியை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டுத் தோலைப் போட்டுவிடுங்கள்.

முதல் கடையிலேயே ஒரு பவுண்டு வாங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டால் பயணம் அங்கேயே முடிந்த மாதிரிதான். இரண்டு பேருக்கு அரை பவுண்டே தாராளம். லஃபாயெட் நகரை ஒட்டிய ஸ்காட் ஊரில் மட்டும் பெஸ்ட் ஸ்டாப், டான்ஸ், பில்லீஸ் என்று மூன்று கடைகள் பக்கம் பக்கமாக உண்டு. கிழக்கே ப்ரோ பிரிட்ஜில் போஷேஸ். துண்டின் அளவு, உப்பு, காரம் எதுவும் கடைக்குக் கடை ஒத்துப்போகாது. கால் பவுண்டாக வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் சுவாரசியம்.

பழுப்புக் காகிதப் பையில்தான் கட்டிக் கொடுப்பார்கள். எண்ணெய் கசிகிறதே, சீட் பாழாகுமே என்று அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போடாதீர்கள். ஆவி உள்ளேயே தங்கிப் பத்து நிமிடத்தில் தோல் நமுத்துவிடும். பையின் வாயைத் திறந்தே வைத்து, அடியில் பழைய துணி ஒன்றை விரித்தால் போதும். மிச்சத்தை மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பர்தான். ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், கம்பித் தட்டின் மேல் ஐந்தாறு நிமிடம் வையுங்கள்.

கூடவே விற்கும் பூடான் (boudin என்ற கேஜன் தொத்திறைச்சி) உருண்டையைக் கிராக்ளின்போல நினைத்துவிடக் கூடாது. பன்றிக்கறி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் சேர்ந்த பூடான் கலவையை உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது அது. ஈரல் வாடை பிடிக்காதவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. சீஸ் வைத்ததாக இருந்தால் முதலில் பிட்டு ஆவியை விடுங்கள். இல்லாவிட்டால் நாக்கு வெந்துபோகும். சோறும் கறியும் சேர்ந்திருப்பதால் காரில் போட்டுவிட்டு ஊர் சுற்றக் கூடாது. வெளியே 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரமே கெடு. அதற்குள் தின்ன முடியாதென்றால் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள்.