கதாநாயகியைக் கோமாவில் படுக்கவைக்கும் முன்

போன வாரம் ஒரு காதல் நாவலைப் பாதியில் மூடி வைத்தேன். லாரி மோதி மூன்று மாதம் கோமாவில் கிடந்த பெண், காதலனின் கண்ணீர்த் துளி புறங்கையில் விழுந்ததும் இமை துடிக்கக் கண் விழிக்கிறாள். "நான் எங்கே இருக்கிறேன்?" என்று தெளிவான குரலில் கேட்கிறாள். அப்பா, அம்மா, படித்த கல்லூரி எல்லாம் நினைவிருக்கிறது. அவனை மட்டும் மறந்துவிட்டாள். மறுநாள் மருத்துவமனைத் தோட்டத்தில் நடக்கிறாள். இடுப்புவரை கூந்தல் அப்படியே இருக்கிறது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

நான் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதில் 14 வருடம் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் தலைக்காய வார்டு. நைட் டியூட்டி முடிந்து ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மாத நாவல் படித்த காலத்திலிருந்து இன்று போனில் தொடர்கதை படிப்பது வரை, எனக்குப் பிடித்தது காதல் கதைதான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. எழுதுகிறவர்கள் அந்த வார்டை ஒரு முறை சரியாகத் தெரிந்துகொண்டால் போதும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் கோமாவின் கணக்கு. 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் ஒரு மதிப்பெண் முறையைக் கொடுத்தார்கள். கேஸ் ஷீட்டில் "ஜி.சி.எஸ்." என்று எழுதுவோமே, அதுதான். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. ஆக மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கோமா. ஆகவே விழிப்பது என்பது ஒரு நொடியில் நடப்பதில்லை. நேற்று அழுத்திக் கிள்ளியபோது கை அசையவில்லை, இன்று கிள்ளிய கையைத் தள்ளிவிடப் பார்க்கிறாள். அடுத்த வாரம் கூப்பிட்டால் கண் திறக்கிறாள். கதாநாயகனுக்கு இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். காலையில் வந்ததும் "சிஸ்டர், இன்னைக்கு எவ்வளவு?" என்று அவன் கேட்கட்டும். ஆறு ஏழானதற்காக ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், முழுக் கோமா பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தைத் தாண்டாது. அதற்குள் மெல்லத் தெளிவு வரத் தொடங்கும், அல்லது கண் மட்டும் திறந்து, தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்து, உள்ளே உணர்வு இல்லாத நிலைக்குப் போகும். "என்னையே பார்க்கிறாள் சிஸ்டர்" என்று வீட்டார் சொல்லும்போது நாங்கள் என்ன பதில் சொல்வோம்? மூன்று மாதம் வேண்டும் என்றால் அந்த நிலையை எழுதுங்கள். மூடிய இமைகளோடு தூங்கும் அழகியை எழுதாதீர்கள்.

அறுவை சிகிச்சை நடந்திருந்தால் தலைமுடியை மழித்திருப்பார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போகும்; தலைமாட்டை உயர்த்திவைத்து, வடிகட்டிய கஞ்சியும் பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதில்தான் இறங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வரும். எங்கள் வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கைகள்! பாதி வேலையை வீட்டார்தான் செய்தார்கள். கதாநாயகனைப் படுக்கைக்குப் பக்கத்தில் கையைப் பிடித்து அழவைப்பதை விட, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அவளைப் புரட்டவையுங்கள். அவனுக்கு முதல் நாள் தெரியாது. பத்தாம் நாள் எங்களை விடப் பக்குவமாகச் செய்வான்.

குரல் விஷயம் முக்கியம். வெண்டிலேட்டரில் பத்துப் பதினைந்து நாள் போனால் பெரும்பாலும் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துவிடுவார்கள். காற்று குரல்வளை வழியாகப் போகாததால் விழித்தாலும் சத்தம் வராது. உதடு மட்டும் அசையும். தேறிய பிறகு டாக்டர் குழாயின் பலூனைச் சுருக்கி, வெளி வாயை விரலால் மூடிப் பேசச் சொல்வார். கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அப்படிச் செய்தபோது, பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" வீட்டில் பார்க்க ஆளில்லாமல் அவர் மாட்டை விற்று இருபது நாள் ஆகியிருந்தது. "காட்டியாச்சு" என்றார். நான் படித்த எந்தக் காதல் வசனமும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை.

மறதியை எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு வழக்கமாகப் போவது விபத்தை ஒட்டிய சில மணி நேரம், சில நாள், சில சமயம் இன்னும் கொஞ்சம் அதிகம். பழைய நினைவு முதலில் திரும்பும். ஒரு ஆளை மட்டும் பிடுங்கி எடுத்த மாதிரி மறப்பது அடிபட்ட மூளை செய்கிற வேலை இல்லை. இரண்டாவது தடவை தலையில் அடிபட்டால் போன நினைவு திரும்பிவிடும் என்று கதைகளில் வருவது பொய்; மூளை இன்னும் கெடும். இதை நம்பி யாராவது விஷப்பரீட்சை செய்துவிடக் கூடாது.

உண்மையில் நடப்பது வேறு. விழித்த பிறகு கொஞ்ச காலம் புதிய நினைவு தங்காது. அவளுக்கு அவனைத் தெரியும், ஆனால் "நேற்று ஏன் வரலை?" என்று கோபித்துக்கொள்வாள். நேற்று முழுக்க அவன் அங்கேதான் இருந்தான். அதே கேள்வி ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை வரும், ஆறு தடவையும் முதல் தடவை போலவே அவன் பதில் சொல்ல வேண்டும். முன்மூளையில் அடி என்றால் அதிர்ந்து பேசாத பெண் கெட்ட வார்த்தை பேசுவாள், அடிப்பாள். அவன் என்ன செய்கிறான்? உங்கள் நாவலுக்கு இந்தக் கேள்வி போதாதா?

இரத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் கையிலிருந்து அவள் கைக்கு நேராக ஏற்றுவது கிடையாது. அவன் கொடுப்பது இரத்த வங்கிக்குப் போகும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், பால்வினை நோய், மலேரியா எல்லாம் பரிசோதித்த பிறகே யாருக்கும் ஏறும். மானிட்டரில் கோடு நேராகிவிட்டால் ஷாக் கொடுத்துப் பயனில்லை; மார்பை அழுத்தியபடி ஊசி மருந்துதான்.

கடைசியாகச் சிறுநீரகம். கதாநாயகன் அவளுக்குத் தெரியாமல் தானம் செய்துவிட்டு ஊரைவிட்டுப் போகிற கதை எத்தனை! 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் நெருங்கிய உறவினர்கள். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளைப் பிறகு சேர்த்தார்கள். காதலனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவன் கொடுக்க விரும்பினால் அங்கீகாரக் குழுவின் முன் அவளும் அவனும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பாசத்தினால் கொடுக்கிறான், பணத்துக்காக இல்லை என்று குழு நம்ப வேண்டும். யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குத் தெரியாமல் நான்கு வருடம் பழகியவர்கள் ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சேர்ந்து எடுத்த பழைய போட்டோக்களை எடுத்து நீட்ட, முன்பின் தெரியாதவர்கள் "இவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். இத்தனை வருடமாகப் படிக்கிறேன், அந்த அறையை எழுதிய நாவல் ஒன்றுகூட இன்னும் என் கைக்கு வரவில்லை.