கறித்தூள் மில்லுக்கு எந்தக் கிளவுட்? சாஸ், பாஸ், ஐயாஸ் பாத்து எடுக்கிறது எப்பிடி

சுன்னாகம் பக்கம் சித்தப்பா ஒரு மில் வச்சிருக்கிறார். பெரிசெண்டு இல்லை, பதினாலு பேர் வேலை, கறித்தூள், ஒடியல் மா, முருங்கையிலைத் தூள், கொஞ்சம் நல்லெண்ணெய், பாதி இஞ்சத்தைக் கடையளுக்கு, மிச்சம் லண்டன், பரிஸ், ரொறன்ரோ எண்டு போகும். ஒருநாள் கோல் எடுத்து "தம்பி, கொம்பியூட்டர் செத்துப்போச்சு, ஒருக்கா வந்திட்டுப் போ" எண்டார். போய்க் கேசிங்கைக் கழட்டினன், அவ்வளவுதான், தும்மல் எண்டால் அப்பிடித் தும்மல். ஃபான் முழுக்க மிளகாய்த்தூள் சிவப்பாப் படிஞ்சு கட்டியாக் கிடக்கு, ஹார்ட் டிஸ்க் மூச்சுக் காட்டேல்ல. நாலு வருசக் கணக்கு, ஓடர், ஆரார் எவ்வளவு கடன் எல்லாம் அதுக்குள்ளதான். பக்கப் இருக்கோ எண்டு கேட்டன், இருக்கு எண்டு அதே மேசை லாச்சியைத் திறந்து ஒரு பென் டிரைவைத் தந்தார், பாத்தால் கடைசியாப் பதிஞ்சது எட்டு மாதத்துக்கு முதல்.

அதுக்குப் பிறகுதான் கிளவுட்டுக்குப் போவம், எண்டால் கணக்கையும் சொப்ட்வெயரையும் இன்ரநெற் வழியா வேற கொம்பனியின்ர கொம்பியூட்டரில வைப்பம் எண்ட கதை வந்தது. மனுசன் கேட்ட முதல் கேள்வி "எது மலிவு?" அது பிழையான கேள்வி. கேக்க வேண்டியது, பழுதானால் ஆர் எழும்பிப் பாக்கிறது எண்டு. சாஸ், பாஸ், ஐயாஸ் எண்டு மூண்டு வகை சொல்லுறாங்களே, அமெரிக்காவில தர அளவுகளை வகுக்கிற நிஸ்ட் எண்ட அரச நிறுவனம் 2011 இல எழுதின வரையறையிலயும் இந்த மூண்டுதான் இருக்கு, வித்தியாசம் முழுக்க உங்கட பொறுப்பு எங்க முடிஞ்சு கிளவுட் கொம்பனியின்ர பொறுப்பு எங்க தொடங்குது எண்டதிலதான்.

எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்திறது சுகம். வீட்டுக்குத் தூள் வேணுமெண்டால் கடையில பைக்கற் வாங்கலாம், அது சாஸ், எண்டால் ஆயத்தமா இருக்கிற சொப்ட்வெயர், ருசி அவன் வச்சதுதான், உறைப்பைக் கூட்டு எண்டு சொல்லேலாது, ஆனா உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இல்லாட்டி அம்மா மாதிரி மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வீட்டில பக்குவமா வறுத்துக் கொண்டுபோய் மில்லில குடுத்து அரைக்கலாம், அது பாஸ், எண்டால் உங்கட சொப்ட்வெயரை அவன்ர மேடையில ஓட்டிறது, மெசினும் கறண்டும் மில்காரன்ர, சரக்கும் பக்குவமும் உங்கட. மூண்டாவது, மில்லையே வாடகைக்கு எடுத்து நீங்களே நிண்டு அரைக்கிறது, அதுதான் ஐயாஸ், எண்டால் வெறும் சேர்வரை வாடகைக்கு எடுக்கிறது, கட்டடம் கறண்ட் அவன் தருவான், மெசினைத் துடைக்கிறதும் இரவில பூட்டுறதும் உங்கட வேலை. மில்லையே சொந்தமா வச்சிருந்தால் அது மேசைக்குக் கீழ மிளகாய்த்தூள் தின்னுற கொம்பியூட்டர். வீட்டில கருக வறுத்துப்போட்டு மில்காரனோட சண்டைக்குப் போகேலாது தானே, கிளவுட்டிலயும் அதே ஞாயம்தான்.

சரி, தொடங்கிறது எப்பிடி? முதல்ல ஒரு கொப்பியில மில்லில நடக்கிற வேலையளை எழுதுங்கோ. கணக்கு, சரக்கிருப்பு, ஓடர், சம்பளம், பட்ச் நம்பர், மெசின் வெப்பநிலை எண்டு என்னென்ன இருக்கோ எல்லாம். ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ரெண்டு விசயம் குறியுங்கோ: இது அரை நாள் நிண்டால் என்ன நட்டம், இதைத் திருத்தத் தெரிஞ்ச ஆள் எங்களிட்ட இருக்கோ. சித்தப்பாட கொப்பியில ரெண்டாவதுக்கு முழுக்க "இல்லை" தான். அப்பிடியெண்டால் பேசாமல் முக்கால்வாசியைச் சாஸுக்குத் தள்ளுங்கோ. மொத்தமா "கிளவுட்டுக்குப் போறம்" எண்டு முடிவெடுக்கத் தேவையில்லை, வேலைக்கு வேலை வேற.

சாஸ் எண்டு பாத்தால் சோஹோ, ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் எண்டு கனக்கக் கிடக்கு, எல்லாத்திலயும் டெமோ தருவாங்கள், டெமோவில எல்லாம் வடிவாத்தான் இருக்கும். நீங்கள் உங்கட சொந்தச் சரக்கை வச்சுப் பாருங்கோ. ஒரு மூட்டை மிளகாய் வந்து இறங்கினதில இருந்து அது எந்தப் பட்ச்சில அரைபட்டு, எந்தப் பெட்டியில ஏறி, ஆருக்குப் போனது எண்டு முன்னுக்கும் பின்னுக்கும் தேட ஏலுதோ? பரிஸுக்கோ ஜேர்மனிக்கோ அனுப்பிற ஆக்களுக்கு இது விளையாட்டில்லை, ஐரோப்பிய ஒன்றியத்தின்ர 178/2002 சட்டப்படி சாப்பாட்டுச் சாமான் எங்கயிருந்து வந்தது ஆருக்குப் போனது எண்டு அங்க இறக்குமதி செய்யிறவர் காட்ட வேணும், அவர் திரும்பி உங்களைத்தான் கேப்பார். மிளகாயில அஃப்ளடொக்சின் எண்ட பூஞ்சண நஞ்சு கூட எண்டு ஒரு பட்ச் திரும்பினால், எந்த மூட்டை எண்டு தெரியாட்டி மில்லில கிடக்கிற முழுச் சரக்கையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சம்பளம் வேற கதை. வெளிநாட்டுச் சொப்ட்வெயர் கனக்கத்துக்கு எங்கட ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, தெரியாது. தொழிலாளிட்ட 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி ஈடிஎஃப்புக்கு முதலாளி இன்னும் 3 வீதம், இதை அதால போடேலுமோ எண்டு காசு கட்ட முதல் கேளுங்கோ. ஏலாதெண்டால் சம்பளத்தை மட்டும் உள்ளூர்க் கொம்பனி செய்த ஒண்டில வையுங்கோ, எல்லாம் ஒண்டுக்குள்ள இருக்க வேணுமெண்டு சட்டமில்லை.

பிறகு பாமினி. இதைப் பற்றி ஒருத்தரும் சொல்லமாட்டினம், ஆனா யாழ்ப்பாணத்தில பாதி ஒபிஸில இந்தத் தலையிடி இருக்கு. சாமான் பெயர் எல்லாம் எக்செல்லில பாமினி எழுத்துருவில அடிச்சு வச்சிருப்பினம். அதை அப்பிடியே கிளவுட்டில ஏத்தினால் "மிளகாய்" எண்ட இடத்தில இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஒரு கோலம் நிக்கும். முதல்லயே எல்லாக் கொம்பியூட்டரிலயும் சரியாத் தெரியிற யூனிகோடுக்கு மாத்தி, மாத்தினதை ஒரு ஆள் இருந்து வாசிச்சுப் பாத்து, பேந்துதான் ஏத்த வேணும். எங்களுக்கு முந்நூற்றிச் சொச்சம் பெயர், மச்சாள் ரெண்டு பின்னேரம் இருந்து பாத்தவ.

காசு. சாஸ் கனக்க டொலர் கணக்கு, ஆளுக்கு மாதம் இவ்வளவு எண்டு. ஆளுக்கு 20 டொலர், அஞ்சு பேர் எண்டு வையுங்கோ, மாதம் 100 டொலர். 2022 தொடக்கத்தில டொலர் 200 ரூபா அளவில, அப்ப 20,000 ரூபா. அதே வருசம் மே மாதம் 360 தாண்டினது, அதே சொப்ட்வெயர், அதே அஞ்சு பேர், 36,000. தூளின்ர விலையை அப்பிடி ஏத்தேலுமோ? அதால ரூபாயில பில் போடுற ஆள் இருந்தால் ஒருக்கா விசாரியுங்கோ, லொகின் எல்லாருக்கும் எடுத்துக் குடுக்காதேங்கோ, பைக்கற் கட்டிற பிள்ளைக்கு லொகின் தேவையில்லை.

காசு கட்ட முதல் இன்னொண்டு, உங்கட தரவை வெளிய எடுக்கிற பட்டனை ஒருக்கா அமத்திப் பாருங்கோ. பில்லுகள், சரக்கிருப்பு, கடன்காரர் பட்டியல் எக்செல்லில திறக்கிற மாதிரி இறங்குதோ எண்டு பாக்கிறதுக்குத்தான். இறங்காட்டி அந்தச் சாமான் வேண்டாம், எவ்வளவு மலிவெண்டாலும்.

ஐயாஸ் ஆருக்கு? ஏற்கனவே டாலி மாதிரி ஒரு கணக்குச் சொப்ட்வெயர் வாங்கி வச்சுப் பழகினவை, அதை விடேலாதவை. அமேசானிலயோ மைக்ரோசொஃப்ட்டின்ர அசூரிலயோ ஒரு விண்டோஸ் சேர்வரை வாடகைக்கு எடுத்து அதில போட்டுவிடலாம், அமேசானுக்கு மும்பாய், சிங்கப்பூரில டேட்டா சென்டர் இருக்கு, அசூருக்குச் சென்னையிலயே இருக்கு. ஆனா அப்டேட், பயர்வோல், பக்கப் எல்லாம் உங்கட தலையில எண்டதை மறக்காதேங்கோ. தூரத்தில இருந்து சேர்வருக்குள்ள போற ரிமோட் டெஸ்க்டொப்பின்ர வாசல், 3389 போர்ட்டை, உலகத்துக்கே திறந்து விட்டால் கள்ளன் வாறது நிச்சயம், விபிஎன் எண்ட பூட்டின தனிப் பாதை போட்டு உள்ளுக்க வாங்கோ. பின்னேரம் வீட்ட போகேக்க நிப்பாட்டினால் காசு மிச்சம் எண்டு நினைச்சு விண்டோஸுக்குள்ள ஷட் டவுன் குடுக்கிறவை இருக்கினம், அசூரில அப்பிடி நிப்பாட்டினால் பில் ஓடிக்கொண்டே இருக்கும், வெளிய வந்து போர்ட்டல் எண்ட அசூரின்ர வெப் பக்கத்தில நிப்பாட்ட வேணும். நிப்பாட்டினாலும் டிஸ்க் வாடகை விழும்.

பக்கப்பை அதே இடத்தில வைக்காதேங்கோ. 2021 மார்ச் 10 பிரான்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க்கில ஓவிஎச் கொம்பனியின்ர டேட்டா சென்டர் ஒண்டு முழுக்க எரிஞ்சது, அதே வளவில பக்கப் வச்சிருந்த ஆக்கள் ரெண்டையும் சேத்துப் பறிகுடுத்தவை. சித்தப்பாட லாச்சிக் கதையும் அதுதான், அங்க பெரிசா நடந்தது.

பாஸ் பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. உங்களுக்கெண்டு கோட் எழுதிற ஆள் இருந்தால் மட்டும். பைக்கற்றில கியூஆர் அடிச்சு, அதை ஸ்கான் பண்ணினால் பட்ச் விபரம் வாற மாதிரி ஒரு சின்னப் பக்கம் செய்யிறது எண்டால் நல்லது, சேர்வரைக் கட்டி மேய்க்கத் தேவையில்லை. இலவசத் திட்டத்தை நம்பி அச்சடிக்க வேண்டாம், ஹெரோக்கு எண்ட பாஸ் கொம்பனி 2022 நவம்பரில இலவசத்தை நிப்பாட்டினது, பைக்கற்றில அடிச்ச கியூஆரைப் பேந்து மாத்தேலாது.

மெசினைக் கிளவுட்டால ஓட்டிற விசர் வேலை வேண்டாம். வறுக்கிற மெசினை நிப்பாட்டிற சுவிட்ச் மெசினிலதான் இருக்க வேணும், இல்லாட்டி இன்ரநெற் லைன் போன நேரம் மல்லி கருகிப்போகும். வெப்பநிலையை அளந்து மேல அனுப்பிறது மட்டும் செய்யலாம். அதுக்கு எம்கியூடிடி எண்டு ஒரு முறை இருக்கு, 1999 இல எண்ணெய்க் குழாய்களைச் சட்டலைட்டால கண்காணிக்கச் செய்தது, லைன் மோசமான இடத்துக்கெண்டே பிறந்தது, எங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. அளக்கிற பெட்டி லைன் இல்லாத நேரம் தன்னட்டச் சேத்து வச்சு, வந்தாப் பிறகு அனுப்பிற மாதிரிச் செய்விக்க வேணும்.

லைனையும் பாருங்கோ. 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் கட் இருந்த நேரம், சேர்வர் எங்கயோ குளுகுளு அறையில ஓடிக்கொண்டுதான் இருந்தது, எங்கட றூட்டர்தான் இருட்டுக்குள்ள கிடந்தது, பேந்து டவரின்ர பற்றரியும் இறங்க போன் சிக்னலும் போச்சு. றூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், ஃபைபரோட வேற கொம்பனிச் சிம் ஒண்டு, எல்லாம் போனால் கார்பன் வச்ச பழைய பில் புத்தகம். சித்தப்பா அந்தப் புத்தகத்தை எறியப் பாத்தவர், நான்தான் விடேல்ல.

கடைசியா, எக்கவுண்ட் ஆற்ற பெயரில? தெரிஞ்ச ஒரு முதலாளிக்கு ஒரு பொடியன் எல்லாம் நல்லாத்தான் செய்து குடுத்தவன், தன்ர ஈமெயிலில, தன்ர கார்ட்டில. பேந்து கனடா போயிட்டான், கார்ட் காலாவதியாக எக்கவுண்டும் போச்சு, அவனில குறை சொல்லேலாது, அவன் அங்க குளிருக்குள்ள நிக்கிறான். மில்லின்ர பெயரில ஒரு ஈமெயில் திறவுங்கோ, ரெண்டு கட்டப் பாதுகாப்புப் போடுங்கோ, அதுக்கு வாற கோட் முதலாளியின்ர போனுக்கு வரட்டும், மீட்புக் கோட்களைப் பேப்பரில அடிச்சு வீட்டு அலுமாரியில, உறுதிக் கட்டோட வையுங்கோ. சித்தப்பாட கோட் பேப்பர் சித்தியின்ர நகைப் பெட்டிக்குள்ள கிடக்கு, சித்தியைக் கேக்காமல் ஆராலயும் எடுக்கேலாது.