1806: வேலூர்க்காரர்கள் பிரித்துப் பார்க்க ஓர் எண்

வேலூரில் 1806 என்றால் சிப்பாய்ப் புரட்சிதான். மக்கான் பக்கம் நினைவுத்தூணைத் தாண்டும்போதெல்லாம் ஜூலை 10 விடியற்காலை மனதில் வந்துபோகும். அந்த ஆண்டையே ஒரு கணக்காக எடுத்துக்கொள்வோம். நோட்டு, பென்சில், அப்புறம் 42 புளியங்கொட்டை போதும்.

முதல் படி: பகாக் காரணிகள்

1806 இரட்டைப்படை எண். 2-ஆல் வகுத்தால் 903. 9+0+3=12 என்பதால் 3-ஆலும் வகுபடும்; கிடைப்பது 301. நிறையப் பிள்ளைகள் இதைப் பகா எண் என்று நினைத்து இங்கேயே நின்றுவிடுவார்கள். 7-ஐ மறக்காதீர்கள்: 7×43=301. 43 பகா எண்தானா? 7×7=49, அதாவது 43-ஐத் தாண்டிவிட்டது. அதனால் 2, 3, 5 மட்டும் பார்த்தால் போதும், எதிலும் வகுபடவில்லை.

1806 = 2×3×7×43.

இரண்டாம் படி: எந்த வகை?

எந்தப் பகாக் காரணியும் இரண்டு முறை வரவில்லை. அதனால் வகுக்கும் எண்கள் மொத்தம் 2×2×2×2=16. அவற்றின் கூட்டுத்தொகை 3×4×8×44=4224. அதில் 1806-ஐக் கழித்தால் 2418. இது 1806-ஐவிடப் பெரியது, எனவே மிகை எண். சரி, இது நிறைய எண்களுக்கு உண்டு.

மூன்றாம் படி: பங்கு போடுதல்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 42 புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்புங்கள். 42 = 2×3×7. பாதி 21-ஐ ஒரு குவியலாகத் தள்ளுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு 14, ஏழில் ஒரு பங்கு 6. மூன்று குவியலும் சேர்ந்து 41. தரையில் ஒரே ஒரு கொட்டை மிச்சம்!

இப்போது 1806-ஐ நோட்டில் போடுங்கள்: பாதி 903, மூன்றில் ஒன்று 602, ஏழில் ஒன்று 258, நாற்பத்து மூன்றில் ஒன்று 42. கூட்டினால் 1805. இங்கேயும் மிச்சம் 1.

ஏன்? முதலில் மிஞ்சியது 1/42. அதிலிருந்து 1/43 எடுத்தால் மிஞ்சுவது 1/(42×43). 42×43 எவ்வளவு? 1806-ஏதான்.

1×2=2, 2×3=6, 6×7=42, 42×43=1806 என்று ஒவ்வொன்றும் தன் அடுத்த எண்ணோடு பெருகி வளர்கிறது. இப்படி எல்லாப் பகாக் காரணிகளின் பங்கும் போக ஒன்றே ஒன்று மிஞ்சும் எண்களை ‘பிரைமரி சூடோபெர்ஃபெக்ட்’ என்கிறார்கள். 2, 6, 42-க்கு அடுத்த நான்காவது, நம் 1806.

நான்காம் படி: சங்கிலி அறும் இடம்

அடுத்து 1806×1807 வர வேண்டும். ஆனால் 1807 = 13×139; பகா எண் இல்லை. அதனால் ஐந்தாவது எண் வேறு வழியில் வருகிறது: 47058 = 2×3×11×23×31. முதல் இரண்டு பங்குகள் 23529, 15686. மீதி மூன்றையும் நீங்கள் போட்டுக் கூட்டுங்கள், 47057 வர வேண்டும்.