விரிசல் முனையில் சேதம்: கார்பன் இழைத் தகட்டை அபாகஸில் மாதிரியாக்குவது எப்படி?

அபாகஸ் என்ற பொறியியல் கணிப்பு மென்பொருளில் கார்பன் இழை–எபாக்சி தகட்டில் விரிசல் வைத்துக் கணக்கிட்டால் தீர்வு பாதியில் நின்றுவிடுகிறதா? மெஷ்ஷை (தகட்டைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை) சிறிதாக்கச் சிறிதாக்க உடைசுமை குறைந்துகொண்டே போகிறதா? என்னை நெடுநாள் அலைக்கழித்த சிக்கல் இது. தகட்டை வரைவது, எல்லை நிபந்தனை கொடுப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் பொருளின் திசை. 1-ஆம் அச்சு இழை ஓடும் திசையில் இருக்க வேண்டும். எலிமென்ட்டுக்கு, அதாவது மெஷ்ஷின் ஒவ்வொரு கட்டத்துக்கும், எஸ்4ஆர் என்ற நான்கு முனை ஷெல் வகை போதும். இழையும் பிசினும் எப்போது சிதையும் என்று கணிக்க அபாகஸில் உள்ள ஹாஷின் சேத மாதிரி தளத் தகைவுக்கானது; அதாவது தகைவு (பரப்பலகில் செயல்படும் விசை) தகட்டின் தளத்துக்குள் மட்டும் இருக்கும் நிலைக்கானது. சாதாரண முப்பரிமாணத் திட எலிமென்ட்டில் அது வேலை செய்யாது.

அடுத்து ஆறு வலிமைகளையும் நான்கு முறிவு ஆற்றல்களையும் (பரப்பலகு பிளக்கச் செலவாகும் ஆற்றல்) கொடுங்கள். ஆற்றல்களின் வரிசை: இழை இழுவை, இழை அமுக்கம், பிசின் (எபாக்சி) இழுவை, பிசின் அமுக்கம். நியூட்டன், மி.மீ. அலகுகளில் சதுர மீட்டருக்கு 250 ஜூல் என்பது 0.25.

இனி எலிமென்ட் அளவு. இங்கேதான் நிதானம் தேவை. விரிசல் முனையை நெருங்க நெருங்க, மீள்மைக் கணக்கில் தகைவு எல்லையின்றி ஏறும். ஆகவே வலிமையை மட்டும் நம்பினால் விடை மெஷ்ஷுக்கு மெஷ் மாறும். முறிவு ஆற்றல்தான் அதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் உச்சத் தகைவில் ஓர் எலிமென்ட்டில் சேரும் மீள் ஆற்றல் அந்த முறிவு ஆற்றலைத் தாண்டக் கூடாது. அதனால் எலிமென்ட் நீளம், 2 × மீள்மைக் குணகம் × முறிவு ஆற்றல் ÷ வலிமையின் வர்க்கம் என்ற அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இழைத் திசையில் 1,40,000 மெகாபாஸ்கல், 90, 2,000 என்று போட்டால் 6.3 மி.மீ. வருகிறது. பிசினுக்கு 9,000, 0.25, 60 என்று போட்டால் 1.25 மி.மீ. தான். பலர் முதல் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் முனையருகே 0.3 மி.மீ. வைக்கிறேன்.

இழைக்குக் குறுக்கே வெட்டிய விரிசல் பெரும்பாலும் நேராக முன்னேறாது. முனையிலிருந்து இழையோடு பிசின் பிளந்து, தகைவுக் குவிப்பைத் தணிக்கும். இந்தப் பிளவை மாதிரி காட்ட வேண்டுமானால் மெஷ் கோடுகள் இழைக்கு இணையாக ஓட வேண்டும். தானியங்கி மெஷ்ஷை இந்த வேலைக்கு நான் தொடவே மாட்டேன். சேதம் பொருளை விட்டுவிட்டு மெஷ்ஷின் போக்கில் போய்விடும்.

தீர்வு நின்றால் பாகுநிலைக் குணகம் சேருங்கள்; சேதம் திடீரென வளராமல் மெதுவாக்கிக் கணக்கை நிலைப்படுத்தும் எண் அது. 1 வினாடிப் படிக்கு 0.001-இல் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பின்சேர்க்கை: பாகுநிலைக் குணகம் கொடுத்ததும் உடைசுமை ஏறிவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஆற்றல் வெளியீட்டில் ஏஎல்எல்சிடி (பாகுநிலையால் செலவாகும் ஆற்றல்), ஏஎல்எல்டிஎம்டி (சேதத்தால் செலவாகும் ஆற்றல்) இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். முன்னது பின்னதன் அருகே வந்தால் அந்த உடைசுமையை நம்ப வேண்டாம். குணகத்தைப் பத்தில் ஒரு பங்காக்கி மீண்டும் ஓட்டுங்கள்.