பரணில் கிடக்கும் டேப் ரெக்கார்டரை மறுபடி பாட வைக்க

பட்டனை அமுக்கினால் மோட்டார் சத்தம் மட்டும் வருகிறதா? பெரும்பாலும் மோட்டார் சுழற்சியைக் கப்பிகளுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட்தான் காரணம். மதுரை வெயிலில் பல வருஷம் பரணில் கிடந்த பெல்ட் ஒன்று தொளதொளவென நீண்டிருக்கும், இல்லையென்றால் தார் மாதிரி உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றுங்கள். பெல்ட் ஓடும் பாதையை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முழுக்கத் துடைக்க வேண்டும். துளி மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் வழுக்கும். பழைய பெல்ட்டை வைத்து அளவெடுக்காதீர்கள், அது நீண்டுபோனது. கப்பிகளைச் சுற்றி நூல் விட்டு அளந்து, அதில் 5 முதல் 8 சதவீதம் குறைவான சுற்றளவில் வாங்குங்கள். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேயும்.

டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டையும் அதே ஆல்கஹாலால் துடைக்கலாம். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் போதும். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். டேப் சிக்குவதற்கு அழுக்கேறிய இந்த உருளையும் ஒரு முக்கியக் காரணம்.

இனி வேகம். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 5 நிமிடப் பாட்டு 3 நொடி முன்பின்னாக முடிந்தால் பிழை 1 சதவீதம். பல மோட்டார்களின் பின்புறம் சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே உள்ள திருகை மயிரிழை திருப்பினாலே வேகம் மாறும்.

அப்புறமும் ஒலி மங்கலாக இருந்தால் கேசட்டைப் பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்த நடுவே செம்புத் தகட்டில் ஒட்டிய குட்டிப் பஞ்சு விழுந்திருக்கும். வீணான கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றுங்கள்.