போன் சிபியு எந்த வேகத்தில் ஓடுகிறது? கம்ப்யூட்டரிலிருந்தே பாருங்கள்

போன் பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது சிப் எட்டக்கூடிய உச்ச வேகம், அதுவும் பெரும்பாலும் அதிலுள்ள வேகமான கோர்களுக்கு (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மட்டும். இந்த நொடி எவ்வளவு ஓடுகிறது என்பது வேறு கதை. அதற்கு ஆப் இருக்கிறதுதான், ஆனால் அந்த ஆப்பை ஓட்டுவதும் சிபியுவுக்கு ஒரு வேலை, கேம் ஆடிக்கொண்டே பார்க்கவும் தோதுப்படாது. எனக்கு ஏடிபிதான் சரி, கம்ப்யூட்டரிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி அது.

கூகுளின் ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்கிக்கொள்ளுங்கள், ஏடிபி அதில்தான் இருக்கிறது. போன் செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகுங்கள். கம்ப்யூட்டரின் டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) 'ஏடிபி டிவைசஸ்' கொடுத்தால் போன் தெரிய வேண்டும். அன்ஆத்தரைஸ்டு என்று வந்தால் போன் திரையில் அனுமதி கேட்டு ஒரு பெட்டி காத்திருக்கும். ஒன்றுமே வரவில்லையா, கேபிளை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்கள் நிறைய உண்டு.

அப்புறம் 'ஏடிபி ஷெல்' கொடுத்துப் போனின் உள்ளே போய், சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று ஃபோல்டர் ஃபோல்டராக இறங்குங்கள். அங்கே சிபியு0, சிபியு1 என்று கோருக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொன்றிலும் சிபியுஃப்ரீக், அதற்குள் 'ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக்' என்ற ஃபைல். ஃபைலில் இருப்பதைக் காட்டும் 'கேட்' கட்டளையில் கோர் எண்ணுக்குப் பதில் * போட்டால் எல்லாக் கோரும் ஒரே அடியில் வந்துவிடும். ஷெல்லுக்குள் போன பிறகுதான் * போட வேண்டும், வெளியிலிருந்து ஒரே வரியில் கொடுத்தால் லினக்ஸிலோ மேக்கிலோ அது உங்கள் கம்ப்யூட்டரின் ஃபோல்டர்களில் தேட ஆரம்பித்துவிடும்.

1804800 மாதிரி எண் வரும். கிலோஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது சுமார் 1.8 கிகாஹெர்ட்ஸ். நாலு கோருக்கு அச்சாக அதே எண் வந்தால் பயப்பட வேண்டாம், ஒரே கிளஸ்டரில் (கோர்களின் குழு) உள்ள கோர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பகிர்ந்துகொள்பவை.

உண்மையில் நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு ஃபைல்களை. 'சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக்' சிப்பின் உச்சம், 'ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக்' இப்போது அனுமதிக்கப்பட்ட உச்சம். பல போன்களில் சூடு ஏறியதும் இரண்டாவது எண் இறங்கும், கேம் திணறுவதற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் கேபிள் வழியாகச் சார்ஜ் ஏறுவதும் போனைச் சூடாக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் வயர்லெஸ் டீபக்கிங் இருக்கிறது, இந்தச் சோதனைக்கு அதைப் பயன்படுத்துங்கள்.