பழ ஈ இனம் பிரிப்பதில் வரும் தவறுகள்

அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சிவப்புக் கண் கொசு ஈயைப் பழ ஈ என்று பிடித்து வருபவர்கள் அதிகம். அது 2–3 மி.மீ. தான் இருக்கும். காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவு, மார்பில் மஞ்சள் பட்டைகளோடு இருக்கும்.

பெரிய குழப்பம் மாந்தோப்புப் பொறியில்தான். ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் வைத்த பொறியில் டார்சாலிஸ், சோனேட்டா, கரெக்டா என்ற மூன்று பழ ஈ இனங்களும் சேர்ந்தே விழும். நிறத்தை மட்டும் பார்த்து, கறுத்தது டார்சாலிஸ், சிவந்தது சோனேட்டா என்று பிரித்தால் கணக்கு கெடும். டார்சாலிஸின் மார்பு கறுப்பிலிருந்து செம்பழுப்பு வரை மாறும், கரெக்டாவும் கறுப்புதான். ஆப்பிரிக்காவில் இன்வாடென்ஸ் என்று தனி இனமாக வைத்திருந்ததையே 2015இல் டார்சாலிஸோடு சேர்த்துவிட்டார்கள். வயிற்றில் உள்ள ஆங்கில 'T' வடிவக் கறுப்புக் கோட்டையும் நம்ப வேண்டாம், அது பல இனங்களில் உண்டு.

முதலில் இறக்கையின் முன் ஓரத்தைப் பாருங்கள். ஒல்லியான பழுப்புப் பட்டை நுனிவரை அறுபடாமல் ஓடினால் டார்சாலிஸ். பட்டை நடுவில் அறுந்து நுனியில் மட்டும் புள்ளி நின்றால் மற்ற இரண்டில் ஒன்று. அதன் பிறகுதான் நிறத்துக்கு வேலை: மார்பு செம்பழுப்பு என்றால் சோனேட்டா, கறுப்பு என்றால் கரெக்டா. கரெக்டாவின் முகத்தில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டையும் இருக்கும்.

பொறியில் கிடந்த ஈயின் இரண்டு இறக்கைகளும் ஒட்டிக்கொண்டு, இல்லாத பட்டையும் இருப்பதுபோல் காட்டும். 70 சதவீத ஆல்கஹாலில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் ஓர் இறக்கையை மட்டும் வெள்ளைத் தாளில் விரித்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

பாகல், புடலையைத் தாக்கும் குகுர்பிட்டே என்ற பழ ஈ இனத்தின் மார்பில் மூன்று மஞ்சள் கோடுகள், நடுக்கோடுதான் முக்கியம். இறக்கை நுனியில் பெரிய கறை, குறுக்கு நரம்பு மேலும் கருமை. நடுக்கோடு இருந்தும் குறுக்கு நரம்பின் மேல் கருமை இல்லாவிட்டால் அது டாவ் இனமாக இருக்கலாம். பாகல் பந்தலில் மெத்தில் யூஜினால் பொறி வைத்துவிட்டு 'ஈ இல்லை' என்று முடிவு கட்டுவது வீண்; குகுர்பிட்டே கியூலூர் என்ற வேறொரு ஈர்ப்புப் பொருளுக்குத்தான் வரும்.

இரண்டு பொறியிலும் ஆண் ஈக்களே விழும். பெண் ஈ வேண்டுமென்றால், புழு விழுந்த காயை மணல் பரப்பிய டப்பாவில் வைத்துத் துணி கட்டிவிடுங்கள். புழு மணலுக்குள் கூடாகும்; அந்தக் கூட்டிலிருந்து வந்த அன்றே கொன்றால் ஈ வெளிறியிருக்கும், பட்டை தெரியாது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து இரண்டு மூன்று நாள் விட்டுவைத்துப் பிறகு பாருங்கள்.